முதுகில் அடிக்காதே என்று நான் சொல்லிக்கொடுத்த ஆறு வருஷம்

2025 நவம்பர் 8, சனிக்கிழமை. திருகோணமலை உப்புவெளியில் ஒரு ஹோட்டலின் மேல்மாடி. மாரி தொடங்கிவிட்டதால் வெள்ளைக்காரர் யாரும் இல்லை, வேலையாட்கள் சும்மா இருக்கிற காலம், அதனால்தான் என் சிபிஆர் வகுப்புக்கு, அதாவது இதயமும் மூச்சும் நின்றுபோனவருக்கு நெஞ்சை அமுக்கி மூச்சு ஊதுகிற முதலுதவி வகுப்புக்கு, முதலாளி அந்த நாளைத் தந்திருந்தார். மொத்தம் 18 பேர். சமையல்காரர், அறை துப்புரவு செய்கிறவர்கள், நீச்சல் குளத்தைப் பார்க்கிற இரண்டு பையன்கள், கிண்ணியாவிலிருந்து வருகிற ரிசெப்ஷன் பிள்ளை ஒருத்தி. நான் கைக்குழந்தை டம்மியை மேசையில் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலை ஊன்றி அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். நீச்சல் குளப் பையன்களில் ஒருவன் கையைத் தூக்கினான். "சேர், இப்ப இந்த ரெண்டு விரல் முறையை விட்டுட்டாங்களாமே. அக்கா கனடாவில நர்ஸ். போன கிழமை அனுப்பினவ" என்று போனை நீட்டினான்.

நான் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "அது அந்த நாட்டு முறை தம்பி, இங்க இதுதான்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. சாப்பாட்டு நேரத்தில் ஒதுங்கி நின்று என் போனில் தேடினேன். அவன் சொன்னது சரி. அக்டோபர் 22ஆம் திகதி அமெரிக்க இதய சங்கம் 2025ஆம் ஆண்டுக்கான புதிய சிபிஆர் வழிகாட்டலை வெளியிட்டிருந்தது. அதே நாளில் ஐரோப்பியர்களும் தங்களுடையதை வெளியிட்டிருந்தார்கள். உலகத்துக்கே தெரிந்து 17 நாளாகிவிட்டது. அந்த அமெரிக்க சங்கத்தின் பயிற்றுநர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிற எனக்குத் தெரியாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோஹாவில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் பாதுகாப்பு உத்தியோகத்தராக இருந்தபோது 2019இல் சிபிஆர் பயிற்றுநர் ஆனேன். ஊருக்குத் திரும்பியபின் கொழும்பில் இருக்கிற ஒரு பயிற்சி நிலையத்தின் கீழ் பதிந்துகொண்டு, திருகோணமலையில் ஹோட்டல்கள், சுழியோடிக் கடைகள், படகுக்காரர்கள், மாதர் சங்கங்கள் என்று வகுப்பெடுத்து வருகிறேன். பெரிய வருமானம் இல்லை. ஆனால் 'சிபிஆர் சேர்' என்று சந்தையில் யாராவது கூப்பிட்டால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். அன்று பின்னேரம் மழையில் மோட்டார் சைக்கிளில் வரும்போது அந்தப் பெயரையே யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

வீட்டுக் கட்டிலின் கீழே ஒரு பெட்டி கிடக்கிறது. செப்டெம்பரில்தான் வகுப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க 24 பாடப்புத்தகம் வாங்கியிருந்தேன், ஒன்று 6,000 ரூபா. மொத்தமாக எடுத்தால் விலை குறையும், அடுத்த சீசன்வரை கவலை இல்லை என்று ஒரு கணக்கு. அதில் மூன்றுதான் போயிருந்தது. மீதி 21 புத்தகம், 126,000 ரூபா, ஒரே நாளில் பழசு. கோட்டை வாசலில் நிற்கிற மான்களுக்குப் போடலாமே என்று மனைவி சொன்னாள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் முட்டாள்தனம் அதில் என்னவென்றால், இந்த வழிகாட்டல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக மாறும் என்பது எனக்குத் தெரியும். 2005இல் 30 அமுக்கலுக்கு 2 ஊதல் என்று வந்தது. 2010இல் மூச்சுக்கு முன்னால் நெஞ்சமுக்கல் என்று வரிசை மாறியது. 2015இல் நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்று வேகத்துக்கு மேல் எல்லை வைத்தார்கள். பிறகு 2020. அப்படியானால் அடுத்தது எப்போது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். நான் அந்த வருஷம் செப்டெம்பரில் போய்ப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். நீங்கள் பயிற்றுநர் என்றால், முடிவு 0 அல்லது 5 என்று வருகிற வருஷத்தின் நடுப்பகுதியிலிருந்து ஒரு புத்தகமும் சேர்த்து வைக்காதீர்கள். இடையில் சின்னச் சின்ன மாற்றமும் வரும், 2024இல் நீரில் மூழ்கியவர்களுக்கென்று தனியாக ஒன்று வந்த மாதிரி. இப்போது நான் வகுப்புக்கு எத்தனை பேரோ அத்தனை மின்புத்தகம் மட்டும்தான் எடுக்கிறேன்.

சரி, ஏன் எனக்கு யாரும் அறிவிக்கவில்லை? இரண்டு நாள் நிலையத்தைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் பார்த்தால், அவர்களிடம் இருந்தது தோஹாக் கம்பனி தந்த என் பழைய மின்னஞ்சல் முகவரி. அது எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அறிவித்தல் போயிருந்தாலும் காற்றோடு போயிருக்கும். அதற்காக அவர்களை முழுதாக விடவும் மனமில்லை, ஏனென்றால் பத்து நாளாகப் போன் எடுத்தும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. 19ஆம் திகதி இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கே போனேன். விடிய ஆறு மணிக்கு இறங்கி, ஒரு கடையில் முகம் கழுவி, ஒன்பது மணிக்குக் கதவடியில் நின்றால், பொறுப்பானவர் லீவாம். வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாது. பஸ், ஓட்டோ, சாப்பாடு என்று 9,000 ரூபா செலவழித்து, ஒரு வெள்ளைத் தாளில் என் புதிய முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததுதான் மிச்சம். அந்தத் தாள் வேலை செய்தது. 26ஆம் திகதி புதுப்பிப்புப் பாடத்துக்கான இணைப்பு வந்தது. 28ஆம் திகதி டித்வா புயல் வந்தது. எங்கள் பக்கம் ஐந்து நாள் கரண்ட் இல்லை, அதற்குப் பிறகும் இணையம் நூலிழையில்தான். மூதூர்ப் பக்கம் வெள்ளத்தில் சனம் படகில் ஏறுகிற நேரத்தில் என் அட்டையைப் பற்றி அழுவது எனக்கே வெட்கமாக இருந்தது. பாடத்தை முடித்தபோது டிசம்பர் இரண்டாம் வாரம்.

இதற்கிடையில், நான் புதுப்பிப்பை முடிக்கும்வரை அந்த 18 பேருக்கும் சான்றிதழ் தரமுடியாது என்று நிலையம் சொல்லிவிட்டது. ஹோட்டல் முதலாளி வகுப்புக் காசு 81,000 ரூபாயில் பாதியைப் பிடித்து வைத்துக்கொண்டார். "சேர், நான் குறை சொல்லேல்ல, ஆனா பொடியன்களுக்கு முன்னால நீங்க பிழையெல்லே" என்றார். பிழைதான். பயிற்றுநர் அட்டை இரண்டு வருஷத்துக்குச் செல்லும், அதற்குள் நாலு வகுப்பாவது எடுத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, திகதி இருக்கிறதுதானே என்று நான் இருந்துவிட்டேன். அட்டையில் திகதி இருந்தாலும் வழிகாட்டல் மாறினால் புதுப்பிப்பு தனியாக வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலையத்துக்கு நாமே ஒரு மெயில் போட்டு 'ஏதாவது மாற்றம் உண்டா' என்று கேட்பதற்குக் காசில்லை. பதிலை எதிர்பாராமல் அந்தச் சங்கத்தின் இணையத்தளத்தையும் நாமே பார்க்க வேண்டும்.

பாடத்தைப் படிக்க ஒரு நாள் போதும். கை மாறுவதற்குத்தான் நாள் எடுத்தது. கைக்குழந்தைக்கு ஒருவர் தனியாகச் செய்யும்போது இரண்டு விரலால் அமுக்குவது இனி இல்லை. ஒரு கையின் அடிமேட்டால், மணிக்கட்டை ஒட்டிய அந்தத் தடித்த பகுதியால் அமுக்க வேண்டும், அல்லது இரண்டு கையாலும் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு பெருவிரலால் அமுக்க வேண்டும். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் பாயில் டம்மியைக் கிடத்தி, எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் பழகினேன். "குழந்தைக்கு மூச்சில்லை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையைக் கொண்டுபோனால், பத்துத் தரத்தில் ஏழு தரம் இரண்டு விரல்தான் நீண்டது. கடைசியில் விரல்கள் மடங்கி இருக்கும்படி கையைச் சுற்றி ஒரு லேஞ்சியைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. சரியான ஆழத்துக்குப் போனால் 'டிக்' என்று சத்தம் போடுகிற டம்மி அது. இரண்டு விரலால் அமுக்கும்போது பாதிக்கு மேல் சத்தமே வராது, ஒரு நிமிஷத்துக்குள் விரல் நடுங்கத் தொடங்கிவிடும். கைமேட்டால் அமுக்கியபோது ஒவ்வொன்றும் டிக், டிக் என்று விழுந்தது. கைக்குழந்தைக்கு ஆழம் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர், நெஞ்சின் தடிப்பில் மூன்றில் ஒன்று. ஆறு வருஷமாக என் விரல் அந்த ஆழத்துக்கு எத்தனை தரம் போயிருக்கும் என்று யோசித்தேன். வருகிற பிள்ளைகள் "சேர், டிக் கேக்குதில்ல" என்று சொல்லும்போதெல்லாம் "இன்னும் பலமா அமுக்கம்மா" என்று அவர்களைத்தான் குறை சொல்லியிருக்கிறேன்.

அந்த இரவுகளில் எனக்குப் பெரிய பயம் இருந்தது, மறைக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்த முறையால் எங்காவது ஒரு குழந்தை போயிருக்குமோ என்று. தெரிந்த மயக்க மருந்து டாக்டர் ஒருவரிடம் கேட்டேன். பழைய முறையில் செய்ததால் கெடுதல் நடந்தது என்று அர்த்தமில்லை, ஒன்றும் செய்யாமல் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல், இப்போது அதைவிட நன்றாக அமுக்குகிற வழி தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார். ஏற்கனவே சான்றிதழ் எடுத்தவர்களின் அட்டையும் அதன் திகதிவரை செல்லும். இதை உங்கள் பழைய மாணவர்களிடம் முதல் வசனமாகச் சொல்லுங்கள். நான் முதலில் அனுப்பிய குரல் பதிவில் "நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லித் தந்திட்டன்" என்று தொடங்கிவிட்டேன். நிலாவெளியிலிருந்து ஒரு தாய் அழுதுகொண்டு போன் எடுத்தா.

கைக்குழந்தை விஷயத்தைவிட என்னை அதிகம் உலுக்கியது தொண்டையில் அடைக்கிற விஷயம். நம் வீடுகளில் யாருக்காவது புரையேறினால் என்ன செய்வோம்? "ஆரோ நினைக்கினம்" என்று சொல்லித் தலையில் தட்டுவோம், முதுகில் அடிப்போம். நான் படித்த அமெரிக்க முறையில் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதுகில் அடிப்பது கிடையாது. பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே பொத்திய கையை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக இழுக்க வேண்டும், அது மட்டும்தான். 1980களின் நடுப்பகுதியிலிருந்து அங்கே அப்படித்தான். ஐரோப்பாவில் முதுகில் அடிப்பதை விடவே இல்லை. அது தெரியாமல் நான் எல்லா வகுப்பிலும் "முதுகில அடிக்கிறது எங்கட ஆக்களின்ர மூடநம்பிக்கை" என்று பகிடி விட்டுச் சிரிக்க வைப்பேன். 2023இல் தம்பலகாமத்தில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் எழும்பி, பேரனுக்குப் பனங்கிழங்குத் துண்டு அடைத்து முகம் நீலமாகிப் போனபோது தலையில் தட்டி, குனியவைத்து முதுகில் அடித்ததும் துண்டு வெளியே விழுந்ததைச் சொன்னா. "அது தற்செயலா விழுந்தது அம்மா, இனி அப்பிடிச் செய்யாதேங்கோ" என்றேன் எல்லார் முன்னாலும். அவ ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டா.

புதிய வழிகாட்டலில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் முதுகில் 5 அடி, பிறகு வயிற்றில் 5 அழுத்தம், துண்டு வெளியே வரும்வரை மாறி மாறி. வெறும் தட்டல் போதாது. ஆளை முன்னால் குனியவைத்து, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி, மற்றக் கையின் அடிமேட்டால் இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவே ஒவ்வொன்றாகப் பலமாக அடிக்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்டதென்றால் தலை தாழ்ந்திருக்க முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் 5 அடி, திருப்பி நெஞ்சில் கைமேட்டால் 5 அமுக்கல், வயிற்றைத் தொடக்கூடாது. ஆள் நினைவிழந்தால் கிடத்திவிட்டு சிபிஆர், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைப்பு. சத்தமாக இருமிக்கொண்டிருக்கிறவரை மட்டும் இருமவே விடுங்கள், அடிக்கப் போகாதீர்கள். வகுப்பில் இந்த வித்தியாசத்தைக் காட்ட நானே இருமியும், பிறகு சத்தமே வராமல் கழுத்தைப் பிடித்தும் நடிக்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஆனால் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

ஜனவரியில் மூன்று பழைய வகுப்புகளைத் திரும்பக் கூப்பிட்டு இலவசமாக நடத்தினேன். மண்டபம், தேத்தண்ணி, போக்குவரத்து என்று 27,500 ரூபா. 'பெரியவருக்கு ஒன்று பிள்ளைக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்குள் ஒன்று வெளியில் ஒன்று' என்று நாலு உயிர்காப்புச் சங்கிலியும், அதாவது காப்பாற்றுகிற படிகளை வரிசையாகக் காட்டுகிற படமும், போட்டு அடித்த என் பிளெக்ஸ் பேனரும் வீண், 3,500 ரூபா, ஏனென்றால் இப்போது எல்லாருக்கும் ஒரே சங்கிலி. மொத்தக் கணக்கு 166,000 ரூபா. ஹோட்டல் முதலாளி மட்டும் 18 பேருக்கும் திரும்ப எடுத்தபின் மிச்சக் காசை எண்ணித் தந்துவிட்டார்.

படகுக்காரர்களுடைய வகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், திருகோணமலையில் சிபிஆர் என்றால் பாதி கடல்தானே. 2021இல் குறிஞ்சாக்கேணிப் படகு கவிழ்ந்து பிள்ளைகள் போன ஊர் இது. கொரோனாக் காலத்தில் வாயில் ஊதப் பயந்து "நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதும்" என்று சொல்லிக்கொடுத்ததை நான் அவர்களுக்கு அப்படியே தொடர்ந்திருந்தேன். இதயம் நின்று திடீரென்று விழுகிறவருக்கு அது பரவாயில்லை. மூழ்கியவர் விழுந்ததே காற்றில்லாமல்தான், அவருக்கு மூச்சும் வேண்டும், அமுக்கலும் வேண்டும். பயிற்சி பெற்றவர் முதலில் இரண்டு தரம் ஊதிவிட்டு அமுக்கத் தொடங்கலாம் என்பதுதான் 2024இல் வந்த மாற்றம், நான் தவறவிட்டது. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, இரண்டும் கூடவே கூடாது, நேரம்தான் போகும். இன்னொன்று, வேகம் பிடிக்க ஒரு பெரியவர் வலையிழுக்கிற அம்பாப் பாட்டைப் பாடிக்கொண்டு அமுக்கினார். கேட்க அருமை. எண்ணிப் பார்த்தால் நிமிஷத்துக்கு 60கூட வரவில்லை. போனில் தாளம் தட்டுகிற மெட்ரோனோமை 110இல் வைத்துவிட்டேன். "இது கரைவலை இல்ல, எஞ்சின் சத்தம்" என்றார் அவர், அப்புறம் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

நெஞ்சில் ஒட்டுத்தாள் ஒட்டி மின்னதிர்ச்சி கொடுக்கிற ஏஇடி இயந்திரம் நான் போன இடங்களில் ஒன்றில்தான் கண்டேன், ஆனாலும் பாடத்தில் உண்டு. பெண்களுக்கு ஒட்டும்போது பிராவைக் கழற்றத் தேவையில்லை, ஒட்டுத்தாள் வெறும் தோலில் ஒட்டும்படி சற்று விலக்கினால் போதும் என்று இப்போது சொல்லியிருக்கிறார்கள். இதைக் காட்ட டம்மிக்கு ஒன்று வாங்க வேண்டியிருந்தது. மனைவி வரமாட்டேன் என்றுவிட்டாள். சந்தைக் கடையில் "என்ன சைஸ்?" என்று கேட்ட பிள்ளையிடம் "பிளாஸ்டிக் பொம்மைக்கு" என்று உண்மையைச் சொன்னேன், அவள் முகம் போன போக்கைப் பார்த்து வேர்த்துவிட்டது. ஆனால் அந்த வகுப்பில்தான் கிண்ணியாப் பிள்ளை முதல் முறையாகக் கேள்வி கேட்டாள். "சேர், எங்கட உம்மாமார் விழுந்தா ஆம்புளையள் தொடப் பயந்து நிப்பாங்க. இப்பிடி மறைச்சுச் செய்யலாமெண்டா சொல்லிக் குடுக்கலாம்." அவளுடைய தங்கைக்கு 13 வயது. 12 வயதிலிருந்தே பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பதால் அடுத்த வகுப்புக்கு அவளையும் கூட்டிவரச் சொன்னேன்.

பெப்ரவரியில் தம்பலகாமத்துக்குப் போனேன். வயல் அறுவடை நேரம், சங்கக் கட்டடத்தில் ஏழெட்டுப் பேர்தான். அந்த அம்மா பின் வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தா. முதுகில் அடிக்கிற முறையைச் செய்து காட்டிவிட்டு, அவவின் பக்கம் திரும்பி, அன்றைக்கு நான் சொன்னதுதான் பிழை என்றேன். வெற்றிலையை மடியில் வைத்தா.

"அப்ப நான் அண்டைக்கு அடிச்சது சரியோ தம்பி?"

"முதுகில அடிச்சது சரி அம்மா. தலையில தட்டினதுதான் தேவையில்ல."

"தலையில மெதுவாத்தானே தட்டினனான்" என்றா.